பதினோராவது பாரம்

ஜம்பட்டா வீதியில் மழை.
அச்சகத்துக்குள் மையும் மண்ணெண்ணெயும்
நனைந்த சாக்கும் மணக்கின்றன.
என் மேசையில் பதினோராவது பாரம்,
நூற்று அறுபத்தொன்றிலிருந்து நூற்று எழுபத்தாறு வரை.
சிவப்புப் பேனை. அடிமட்டம். ஆறிப்போன பிளேன்ரீ.

நாவலாசிரியர் இன்னாசி
குருமடத்தை விட்டு வெளியே வந்தவர் என்று
பின்னட்டையில் போட்டிருக்கிறது.
எதற்காக வந்தார் என்று போடவில்லை.
வந்த அன்று இரவு
செருப்பிரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு
என் மாடிப்படியில் நின்றான்.

நாவலில் என் பெயர் ரெபேக்கா.
எனக்கில்லாத நீளக் கூந்தல் அவளுக்கு.
ஆனால் செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில்
மெழுகுதிரி ஏற்றும்போது
இடதுகையால் காற்றை மறைப்பவள் நான்தான்.
'கடவுள் பார்க்கிறார். பார்க்கட்டும்'
என்று சொன்னதும் நான்தான்.
அந்த வரியை மட்டும் கதாநாயகனுக்குக் கொடுத்துவிட்டான்.
மேற்கோள் குறி ஒன்று குறைந்தது. போட்டேன்.

'அவளை தொட்டான்.'
ஒற்று விடுபட்டிருக்கிறது.
ஒரு 'த்' இல்லாவிட்டால்
நாங்கள் செய்த பாவம்கூட இலக்கணப்படி நிற்காது.
திருத்தினேன்.

நூற்று எழுபத்து நான்கில்,
முகத்துவாரத்தில் ஆறு கடலோடு சேருமிடத்தில்
ரெபேக்கா இறங்குகிறாள்.
அலைக்கு ஒரு பந்தி, சேலைக்கு ஒரு பந்தி.
அடுத்த பக்கத்தில் அவன் பாவசங்கீர்த்தனம் செய்கிறான்.
மணி அடிக்கிறது. அத்தியாயம் முடிகிறது.

நான் சாகவில்லை.
அந்த வருடம் முழுக்க மட்டக்குளி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு
வேலைக்கு வந்தேன்.
பரவாயில்லை, நாவலுக்கு ஒரு சாவு வேண்டியிருக்கும்.
கடலையும் மன்னித்தேன்.

நூற்று அறுபத்து மூன்றுதான் தொண்டையில் நின்றது.
அங்கே புருசன் குடித்துவிட்டு வருகிறான்.
பெல்ட்டைக் கழற்றுகிறான்.

கஸ்பார் குடிக்கமாட்டார்.
துறைமுகத்தில் இரவு வேலை அவருக்கு,
இறங்கிய பெட்டிகளை எண்ணி எழுதுவது.
எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை.
எல்லாம் தெரியவந்த அன்றும்
பாணையும் பருப்பையும் பீங்கானில் வைத்து
இன்னொரு பீங்கானால் மூடியிருந்தார்.
நான் சாப்பிட்டு முடிக்கும்வரை
அறையில் விளக்கு எரிந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை.
மூடியதைத் திறக்கும்போதெல்லாம்
ஆவி முகத்தில் அடிக்கிறது.

இப்படி ஒருவருக்குச் செய்த துரோகத்தை
எழுத இன்னாசிக்குக் கை வரவில்லை.
அதனால் சாராயம் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.
ஆசைக்கு ஒரு நியாயம் வேண்டும்.
நியாயத்துக்கு ஒரு பெல்ட்.

எனக்குச் சம்பளம் எழுத்துப்பிழைக்கு மட்டும்.
இருந்தும் ஓரத்தில் எழுதினேன்:
'ப. 163, வரி 9. அடித்தாரா? சரிபார்க்கவும்.'

வியாழக்கிழமை பாரம் திரும்பி வந்தது.
என் கேள்விக்கு மேல் ஒரு கோடு.
வரியின் கீழே வரிசையாகப் புள்ளிகள்.
பக்கத்தில், 'இருக்கட்டும்.'
அதே வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து,
முன்பு செபப்புத்தகத் தாள்களுக்கிடையில் எனக்கு வந்தது.

மெஷின்காரர் அவசரப்படுத்தினார்.
மூலையில் என் சுருக்கெழுத்தை வைத்தேன்.
ஆயிரம் பிரதி.
ஆயிரம் வீட்டில் கஸ்பார் பெல்ட்டைக் கழற்றுவார்,
என் கையொப்பத்தோடு.
பழைய பாவத்துக்குச் செவ்வாய்க்கிழமை இருக்கிறது.
இதற்கு எந்தக் கிழமை?

வீட்டில் அவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.
'இப்போது என்ன புத்தகம்?'
'கதைதான்.
ஒரு குடிகாரன் பெண்சாதியை அடிக்கிறான்.'
கஸ்பார் குடையை உதறினார்.
மேசையில் மூடிய பீங்கான்.

'பாவம்' என்றார்.